மானும் கத்தியும்: குமரி மலைச்சாரலில் வேட்டை, அறுப்பு, தோல்

உமறுப்புலவரின் சீறாப்புராணத்தைப் பயின்றவர் எவரும் ‘மானுக்குப் பிணை நின்ற படல’த்தை மறந்திருக்க இயலாது. வேடன் ஒருவன் பிணைமானைப் பிடித்துக் கட்டி வைத்திருக்கிறான். பசித்திருக்கும் கன்றுக்குப் பாலூட்டி வர விடை வேண்டுகிறது மான். அண்ணல் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அதற்காகப் பிணை நிற்கிறார்கள். சென்ற மான் கன்றையும் உடன் அழைத்துக்கொண்டு சொன்னபடி திரும்பி வருகிறது. அதனைக் கண்ட வேடன் உள்ளம் மாறித் தீனில் இணைகிறான். மான் விடுதலை பெறுகிறது. இந்நிகழ்ச்சியின் அறிவிப்புத் தொடர் எத்துணை வலிமை உடையது என்பதில் ஹதீஸ் கலை அறிஞரிடையே மாறுபட்ட கருத்துகள் உண்டு. ஆயினும் தமிழ் முஸ்லிம்களின் நெஞ்சில் மான் என்றதும் முதலில் தோன்றும் காட்சி இதுவே.

விடுதலை பெற்ற மானைப் பற்றிப் பேசியவர் பலர். இக்கட்டுரை விடுதலை பெறாத மானைப் பற்றியது. அம்பாலோ குண்டாலோ வீழ்ந்த மானை அணுகும் முஸ்லிம் வேட்டையாளனின் கத்தி எந்த ஒழுங்கிற்குக் கட்டுப்பட்டது? அதன் உடலைத் திறந்ததும் தோலை உரித்ததும் எந்த முறைப்படி? காட்டு விலங்கைக் கொல்வது சட்டத்தால் முற்றிலும் தடுக்கப்பட்டுள்ள இக்காலத்தில் இவ்வினாக்கள் எதற்கு என்று கேட்கலாம். ‘மார்க்கம் ஆகுமாக்கியதை அரசு ஏன் தடுக்க வேண்டும்?’ என்னும் பேச்சு காட்டோர ஊர்களில் இன்றும் எழக்கூடியது. அதற்கு விடை சொல்ல வேண்டுமாயின், மார்க்கம் எதனை, எவ்வாறு, எந்த எல்லைக்குள் ஆகுமாக்கியது என்பதை முதலில் தெளிதல் வேண்டும்.

மிளா உலவும் மலைகள்

தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் 1956 நவம்பர் 1 அன்று திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து கன்னியாகுமரி மாவட்டமாகத் தமிழகத்தோடு இணைந்தன. நெல்வயலும் குளமும் தென்னந்தோப்பும் நிறைந்த நாஞ்சில் நாட்டின் வடக்கிலும் கிழக்கிலும் மேற்கு மலைத்தொடரின் தென்கோடி எழுந்து நிற்கிறது. மகேந்திரகிரி, அசம்பு, வீரப்புலி, கிளாமலை என விரியும் அக்காடுகளே இந்நாட்டு மான்களின் தாயகம்.

இவற்றுள் பெரியது கடமான். குமரி மக்கள் அதனை ‘மிளா’ என்பர், மலையாளத்தில் ‘ம்லாவு’. முதிர்ந்த கலை 200 கிலோவுக்கும் மேல் எடை கொள்ளும். குரைப்பது போல் ஒலியெழுப்பும் கேளையாடு 20 முதல் 28 கிலோ வரை நிற்கும். சருகுமான் முயலினும் சற்றே பெரியது. எடை மூன்று கிலோ அளவே. பெயரில் மான் எனினும் விலங்கியலார் அதனை மானினத்தில் சேர்ப்பதில்லை. 1906இல் வெளியான வி. நாகம் அய்யாவின் திருவிதாங்கூர் ஸ்டேட் மானுவல் இந்நாட்டின் விலங்கினங்களுக்கெனத் தனிப் பகுதியே ஒதுக்கியிருப்பது, அக்காடுகளின் செல்வத்தை அரசு எவ்வாறு மதித்தது என்பதைக் காட்டும்.

இம்மலைகளின் பழங்குடியினர் காணிக்காரர். பேச்சிப்பாறை, கோதையாறு, கீரிப்பாறைப் பகுதிகளில் அவர்தம் குடியிருப்புகள் இன்றும் உள்ளன. சாமுவேல் மெட்டீர் 1883லும் எட்கர் தர்ஸ்டன் 1909லும் அவர்களைப் பற்றி எழுதினர். காட்டின் தடமும் விலங்கின் போக்கும் அறிந்தோர் அவர்களே. இவர்களுக்கும் முற்பட்ட காலத்தைச் சங்கப் பாடல்களிற் காண்கிறோம். நாஞ்சில் வள்ளுவனைப் பாடிய புறநானூறு, வல்வில் ஓரியின் ஓரம்பு பல விலங்குகளைத் துளைத்த வேட்டையையும் பாடுகிறது. மலைவாழ் குடிகள் வேட்டை ஊனை வழிச்செல்லும் கூத்தர்க்கு விருந்தாக இடுவதை மலைபடுகடாம் விரிக்கிறது. உரிக்கப்பட்ட தோலுக்கு மட்டும் ‘உரி’, ‘அதள்’, ‘பச்சை’ எனப் பழந்தமிழில் பல சொற்கள் இருந்தன. தொழில் எங்கே நுட்பமாக நடந்ததோ அங்கேதான் சொற்களும் பெருகும்.

வேட்டையின் இலக்கணம்

ஃபிக்ஹு நூல்களில் ‘ஸைது’ என்னும் வேட்டையும் ‘தபீஹா’ என்னும் அறுப்பும் அடுத்தடுத்த இயல்களாகவோ ஒரே இயலாகவோ அமைந்திருக்கும். அடிப்படை, திருக்குர்ஆனின் ஐந்தாம் அத்தியாயமான அல்மாயிதா. அதன் 3ஆம் வசனம் தானாகச் செத்தது, கழுத்து நெரிந்தது, அடிபட்டது, விழுந்தது, முட்டப்பட்டது, கொடுவிலங்கு தின்றது ஆகியவற்றை விலக்குகிறது. உயிர் பிரியுமுன் அறுக்கப்பட்டவற்றுக்கு மட்டும் விலக்கு அளிக்கிறது. பயிற்றுவிக்கப்பட்ட வேட்டை விலங்கு நமக்காகப் பிடித்ததை இறைவன் திருப்பெயர் கூறி உண்ணலாம் என்பது 4ஆம் வசனத்தின் கருத்து.

இவற்றைச் செயல்முறையாக விளக்குவன அதீ பின் ஹாத்திம் (ரலி) அவர்கள் கேட்ட கேள்விகளும் அவற்றுக்கு நபிகள் நாயகம் (ஸல்) அளித்த விடைகளும். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் அவை பதிவாகியுள்ளன. நாய் தான் பிடித்ததில் ஒரு பகுதியைத் தின்றுவிட்டால் அதனை உண்ணக் கூடாது. அது தனக்காகவே பிடித்திருக்கலாம். அம்பின் கூர்முனை துளைத்துக் கொன்றதை உண்ணலாம். அதன் குறுக்குப் பகுதி மோதிக் கொன்றதை உண்ணலாகாது. அம்பு பட்ட விலங்கு நீரில் வீழ்ந்து கிடந்தால் அதனை விட்டுவிட வேண்டும். கொன்றது அம்போ நீரோ என்று நமக்குத் தெரியாது. ஐயம் எழும் இடத்திலெல்லாம் விலங்கின் பக்கமே தீர்ப்புச் சாய்வதை இங்கே நோக்க வேண்டும். தன் செயலால்தான் அவ்வுயிர் போயிற்று என்று உறுதியாகச் சொல்ல இயலாதவனுக்கு அவ்வுணவில் உரிமை இல்லை.

ஷத்தாத் பின் அவ்ஸ் (ரலி) வழியாக முஸ்லிமில் வரும் ஹதீஸ் இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. எச்செயலிலும் செம்மையை இறைவன் விதித்துள்ளான். எனவே அறுப்பவர் கத்தியைத் தீட்டிக்கொள்ளட்டும், அறுபடும் உயிருக்கு ஆறுதல் தரட்டும் என்பது அதன் கருத்து. உயிருள்ள ஒன்றை அம்பெய்து பழகும் இலக்காக வைப்பதை நபியவர்கள் தடுத்ததும் முஸ்லிமில் உள்ளது. உணவுக்கான வேட்டை ஆகுமானது. விளையாட்டுக்காக உயிரைக் கொல்வது ஆகாது என்னும் பிரிப்பு இங்கே தொடங்குகிறது.

துப்பாக்கி எழுப்பிய வினா

வில்லும் வேலும் இருந்தவரை இவ்விலக்கணம் தெளிவாகவே இருந்தது. துப்பாக்கி வந்ததும் சிக்கல் எழுந்தது. நம் நாட்டில் அதன் வரலாறு நன்கு அறியப்பட்டதே. 1741இல் குளச்சலில் டச்சுப் படையை வென்ற மார்த்தாண்ட வர்மா, சிறைப்பட்ட டிலனாயைத் தன் படைத்தலைவராக்கினார். புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டையில் பீரங்கிகள் வார்க்கப்பட்டன. போர்க்களத்தில் நிலைபெற்ற வெடிமருந்து, காலப்போக்கில் நாட்டுத் துப்பாக்கியாக மலையடிவாரத்திற்கும் வந்து சேர்ந்தது.

பழைய ஃபிக்ஹு நூல்களில் ‘புந்துக்’ என்பது களிமண் உருண்டை, கவண்வில்லால் எறியப்படுவது. அது துளைப்பதில்லை, மோதிக் கொல்கிறது. ஆகவே அதனால் செத்தது ‘அடிபட்டுச் செத்தது’ என்ற விலக்கில் அடங்கும். துப்பாக்கிக் குண்டுக்கும் அதே பெயர் வழங்கவே, அதே தீர்ப்பும் பொருந்துமா என்ற வினா பிறந்தது. மொராக்கோவின் ஃபெஸ் நகரில் 1680இல் மறைந்த அப்துல் காதிர் அல்ஃபாஸீ குண்டால் இறந்த வேட்டை ஆகும் என்றார். யமனில் 1834இல் மறைந்த ஷவ்கானீயும், குண்டு துளைத்துச் செல்வதால் அது கூர்முனை போன்றதே எனக் கருதினார். திமிஷ்கில் 1836இல் மறைந்த ஹனஃபீ அறிஞர் இப்னு ஆபிதீன், ஈயக் குண்டு எரித்தும் வேகத்தால் தாக்கியுமே கொல்கிறது, அதற்கு வெட்டும் முனை இல்லை. எனவே அதனால் இறந்தது ஆகாது என்றார். இந்தியாவின் ஹனஃபீ முஃப்திகளும் பிற்கால ஷாஃபிஈ அறிஞர்களும் பெரும்பாலும் இவ்விரண்டாம் கருத்தையே பற்றினர்.

இத்தீர்ப்பு வேட்டைக்களத்தின் ஒழுங்கையே மாற்றிவிட்டது. ராவுத்தர் மரபினர் பெரும்பாலும் ஹனஃபீ வழியினர். மரைக்காயர் முதலிய கடலோர மக்கள் ஷாஃபிஈ வழியினர். இரு வழியிலும் துப்பாக்கியால் மட்டும் மான் ஆகுமானதாகாது. குண்டு பட்ட மானிடம் உயிர் நிலைத்திருக்கும்போதே ஒருவர் ஓடிச் சென்று பிஸ்மில்லாஹ் கூறி அறுத்தாக வேண்டும். இரத்தம் வேகத்தோடு பீறிடுதல், உடல் வலுவாகத் துடித்தல் ஆகியன ‘ஹயாத் முஸ்தகிர்ரா’ என்னும் நிலைத்த உயிரின் அடையாளங்கள். அறுப்பின் அளவிலும் வேறுபாடு உண்டு. மூச்சுக்குழலும் உணவுக்குழலும் முழுதாக அறுபட்டால் ஷாஃபிஈ வழியில் போதும். இவ்விரண்டோடு கழுத்தின் இரு நாளங்களும் சேர்ந்த நான்கில் மூன்றேனும் அறுபட வேண்டும் என்பது ஹனஃபீ வழி. பிஸ்மி கூறுதல் முன்னதில் ஸுன்னத்து, பின்னதில் கட்டாயம். மறதிக்கு மட்டும் மன்னிப்பு உண்டு.

இதனால் வேட்டைக் குழுவில் குறி தவறாதவனைவிடக் கால் வேகமும் கூரிய பிச்சாத்தியும் உடையவனே முதன்மை பெற்றான். பிரிட்டிஷ் வேட்டையாளர் எழுதிய நூல்களில் இது பற்றிய முணுமுணுப்பைப் பன்முறை காணலாம். சுவரில் மாட்டுவதற்குத் தலையும் கழுத்துத் தோலும் வெட்டுப்படாமல் வேண்டும் அவர்களுக்கு. உடன்வந்த முஸ்லிம் வேட்டைத் துணைவர்களோ ஓடிச் சென்று கழுத்தை அறுத்துவிடுவர். பாடம் செய்த தலை கெட்டுப்போயிற்றே என்று துரை வருந்துவார். கழுத்தின் அடிப்பகுதியான ‘லப்பா’வில் அறுத்தாலும் அறுப்பு நிறைவேறும் என்பது ஃபிக்ஹின் இடம்பாடு. மைசூரில் வான் இங்கன் குடும்பத்தார் தலைகளைப் பாடம் செய்து புகழ்பெற்றிருந்த காலத்தில் இந்த இடம்பாடு இருதரப்புக்கும் உதவக்கூடியதாய் இருந்திருக்கும். ஒருவருக்கு அந்த மான் நினைவுப் பொருள்; மற்றவருக்கு அது கணக்குச் சொல்ல வேண்டிய உயிர்.

உடலைத் திறத்தல்

அறுத்தபின் முதல் கடமை காத்திருத்தல். உயிர் முற்றிலும் அடங்கி உடல் அமையுமுன் தோலுரிப்பதும் உறுப்பை வெட்டுவதும் மக்ரூஹ் என ஹனஃபீ நூல்கள் கூறும். உயிருள்ள விலங்கிலிருந்து வெட்டியெடுத்த துண்டு செத்ததற்கே சமம் என்பது அபூவாகித் அல்லைஸீ (ரலி) அறிவித்து அபூதாவூத், திர்மிதீ நூல்களில் இடம்பெற்ற ஹதீஸ்.

காத்திருத்தல் ஒருபுறம், விரைதல் மறுபுறம். வெப்ப நாட்டுக் காட்டில் மானின் உடல் விரைவில் கெடும். அசைபோடும் விலங்கின் பெரு இரைப்பையில் நொதித்தல் இறந்தபின்னும் தொடர்கிறது. வாயு பெருகி வயிறு உப்பும். மிளாவின் தடித்த தோல் உடற்சூட்டை வெளிவிடாது. தொடை எலும்பையொட்டிய தடித்த தசையே முதலில் அழுகத் தொடங்கும். எனவே வீழ்ந்த இடத்திலேயே வயிற்றைத் திறந்து குடலை அகற்றுவது எல்லா நாட்டு வேட்டையாளரும் கைக்கொண்ட முறை.

மானை மல்லாக்கக் கிடத்தி, மார்பெலும்பின் கீழ்முனையில் சிறு கீறல் இடுவர். இடக்கையின் இரு விரல்களை உள்ளே விட்டு வயிற்றுச் சுவரை மேலே தூக்கி, அவ்விரல்களுக்கு இடையே கத்தியின் கூர் மேல்நோக்கியிருக்குமாறு பிடித்து இடுப்புவரை கீறுவர். கூர் கீழ்நோக்கினால் இரைப்பை கிழிந்து அதன் சாறு இறைச்சி முழுவதையும் கெடுத்துவிடும். மலக்குடலைச் சுற்றிலும் விடுவித்து நாரால் கட்டுவர், உணவுக்குழலையும் முடிச்சிடுவர், சிறுநீர்ப்பையைக் கசியாமல் எடுப்பர். உதரவிதானத்தை விலா ஓரமாக அறுத்து மூச்சுக்குழலை இழுத்தால் நுரையீரல் முதல் குடல்வரை ஒரே திரளாக வெளிவந்துவிடும். இதயமும் ஈரலும் தனியே எடுக்கப்படும். பிறகு உடலைக் கவிழ்த்து எஞ்சிய இரத்தத்தை வடித்து, விலாவைக் குச்சியால் அகட்டி நிழலிற் காற்றாட வைப்பர்.

இச்செயலின் ஒவ்வொரு படியும் ஃபிக்ஹோடு பொருந்தி நிற்பது வியப்பூட்டும். அல்அன்ஆம் அத்தியாயத்தின் 145ஆம் வசனம் விலக்குவது ‘ஓடும் இரத்தத்தை’. தசையிலும் நரம்பிலும் தங்கியதை அன்று. இரைப்பைச் சாறும் சாணமும் ஷாஃபிஈ வழியில் நஜீஸ். அவை பட்ட இடம் கழுவப்பட வேண்டும். நாய் கவ்விய இடம் பற்றி இமாம் நவவீ (மறைவு 1277) தம் மின்ஹாஜில் தீர்ப்பளிக்கிறார்: அவ்விடம் நஜீஸே, ஆயினும் வெட்டியெறிய வேண்டியதில்லை, மண் கலந்த நீரோடு கழுவினால் போதும்.

ஹனஃபீ நூல்கள் அறுத்த விலங்கில் உண்ணத்தகாதவை என ஏழு உறுப்புகளைக் குறிக்கும்: ஓடும் இரத்தம், ஆண்குறி, விரை, பெண்குறி, கழலை, சிறுநீர்ப்பை, பித்தப்பை. இவற்றுள் கடைசியை மிளாவிலோ புள்ளிமானிலோ கேளையிலோ தேடினால் கிடைக்காது. மானினத்துக்குப் பித்தப்பை இல்லை. அரிஸ்டாட்டில் காலத்திலேயே அறியப்பட்ட உண்மை இது. இரலை, வெளிமான் எனப்படும் வகை மாட்டினத்தைச் சார்ந்தது. அதற்குப் பித்தப்பை உண்டு. உடலைத் திறந்து பார்க்கும் ஆர்வம் அரசர்க்கும் இருந்தது. பிற விலங்குகளின் பித்தப்பை ஈரலுக்கு வெளியே இருக்க, சிங்கத்தினது உள்ளே இருப்பதைக் கண்டு, அதன் வீரத்துக்கு அதுவே காரணமோ என எண்ணியதாகப் பேரரசர் ஜஹாங்கீர் தம் நினைவுக் குறிப்பில் எழுதியுள்ளார்.

தப்பியோடி மறைந்த மானைப் பிறகு கண்டால் என் செய்வது? மூன்று நாள் கழித்துக் கிடைத்தாலும் துர்நாற்றம் எடுக்காதவரை உண்ணலாம் என்பது அபூஸஃலபா (ரலி) வழியாக முஸ்லிமில் உள்ள ஹதீஸ். அம்பால் வீழ்ந்ததற்கே இது பொருந்தும். அரபு நாட்டு உலர்காற்றில் நாள்கணக்கில் நிற்கும் இறைச்சி குமரி மலையின் ஈரக்காற்றில் ஒரு பகலும் தாங்காது. ஆகவே இங்கே இறைச்சியைக் கீற்றாக அரிந்து உப்பிட்டு உலர்த்திய உப்புக்கண்டமும் அடுப்புப் பரணில் புகையூட்டலும் காப்பு முறைகளாயின. அரபியர் அதனை ‘கதீத்’ என்பர். தம் முன் நடுங்கி நின்ற ஒருவரிடம், தாம் கதீத் உண்ட ஒரு பெண்ணின் மகனே என்று கூறி நபிகள் நாயகம் (ஸல்) அவருடைய அச்சத்தைப் போக்கினார்கள் என இப்னுமாஜா பதிவு செய்கிறது. எளியோரின் உணவு அது.

தோலும் தொழுகையும்

தோலுரிப்பில் கத்திக்கு வேலை குறைவு. பின்னங்கால் முழங்கணுவைச் சுற்றி வளையமாகக் கீறி, உட்தொடை வழியே நடுக்கீறலோடு இணைத்தபின், கத்தியை வைத்துவிட்டுக் கைமுட்டியால் தோலுக்கும் தசைக்கும் இடையே இடித்து இடித்துப் பிரிப்பதே தேர்ந்தவர் முறை. கத்தியைக் கொண்டே உரித்தால் தோலில் கீறல் விழும்; பதனிடும்போது அக்கீறல் துளையாகும். உரித்த தோலின் தசைப்புறத்தைச் சுரண்டி உப்பிட்டு நிழலில் இடுவர். மிளாத்தோல் தடித்ததாயினும் பதனிட்டபின் மென்மையானது. காலணிக்கும் சேணத்துக்கும் ஆங்கிலேயர் காலத்தில் விரும்பி வாங்கப்பட்டது.

மைமூனா (ரலி) அவர்களின் பணிப்பெண்ணுக்குக் கிடைத்த ஆடு செத்தபோது, அதன் தோலை ஏன் பதனிட்டுப் பயன்படுத்தவில்லை என நபியவர்கள் கேட்டார்கள். உண்பதே தடுக்கப்பட்டது என்றார்கள். நீரும் ‘கரள்’ என்னும் பொருளும் அதனைத் தூய்மையாக்கும் என்று அபூதாவூதில் ஓர் அறிவிப்பு உள்ளது. அரபியர் கரள் என்றது வேறொன்றுமில்லை, நம் கருவேலமரத்தின் நெற்றே! தமிழ்நாட்டுத் தோல் பதனிடுவோர் கருவேலம்பட்டையோடு ஆவாரம்பட்டையையும் கடுக்காயையும் பயன்படுத்தினர். ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை, திண்டுக்கல் நகரங்களில் முஸ்லிம் வணிகர் வளர்த்த தோல் தொழிலின் அடித்தளம் இத்துவர்ப்புச் சரக்குகளே.

இங்கும் இரு வழிகளுக்கிடையே நுண்ணிய வேறுபாடு உண்டு. ஷாஃபிஈ வழியில் செத்த விலங்கின் தோலைத் தூய்மையாக்குவது கார்ப்பும் துவர்ப்புமுள்ள பொருளால் பதனிடுவது மட்டுமே. வெயிலில் உலர்த்துவதும் உப்பிடுவதும் போதா. ஹனஃபீ வழியில் வெயிலும் மண்ணும்கூடப் பதனிடலாகக் கருதப்படும். மேலும் ஷாஃபிஈ வழியில், செத்த விலங்கின் தோல் பதனிடப்பட்டாலும் அதன் மயிர் தூய்மையாவதில்லை. முறைப்படி அறுக்கப்பட்டதாயின் தோலும் மயிரும் பதனிடாமலே தூய்மையானவை.

ஆகவே மயிரோடு கூடிய மான்தோலின் மேல் ஒரு ஷாஃபிஈ தொழ வேண்டுமாயின், அந்த மான் எப்படி உயிர் நீத்தது என்பதை அவர் அறிந்திருக்க வேண்டும். மலையில் கத்தி சற்றுப் பிந்தியிருந்தால், அந்தப் பிழை விரிப்பின் ஒவ்வொரு மயிரிலும் தங்கிவிடும். பாரசீக மொழியில் ‘போஸ்த்’ என்றால் தோல். ஸூஃபி ஞானிகளின் பீடத்தில் அமர்வோரை ‘போஸ்த் நிஷீன்’, அதாவது தோலில் அமர்ந்தவர், என்பர். காட்டில் தவமிருந்து பீர்மேட்டுக்குத் தம் பெயரைத் தந்தவர் எனப் போற்றப்படும் தக்கலை ஞானியார் பீர் முகம்மது அப்பா அவர்களை நினைக்கும்போது இம்மரபும் நினைவுக்கு வருகிறது. கொடுவிலங்குகளின் தோலை விரிப்பாக்குவதை நபியவர்கள் தடுத்ததும் இங்கே எண்ணத்தக்கது. புலித்தோல் செருக்கின் அடையாளம். அது நம் விரிப்பாகவில்லை.

எல்லைகள்

இவ்வளவு விரிவாக வேட்டையை ஒழுங்குபடுத்திய மார்க்கமே வேட்டையில்லா நிலத்தையும் காலத்தையும் வகுத்தது. இஹ்ராம் அணிந்தவர் நில வேட்டையாடக் கூடாது. ஆடினால் நீதியுடைய இருவர் தீர்ப்பின்படி ஈடு செலுத்த வேண்டும் (5:95). மானுக்கு ஈடாக ஆடு என உமர் (ரலி) தீர்ப்பளித்தார்கள். மக்காவின் எல்லைக்குள் வேட்டை என்றுமே இல்லை. மதீனாவையும் நபியவர்கள் அவ்வாறே புனித எல்லையாக்கினார்கள். மதீனாவில் மான்கள் மேயக் கண்டால் அவற்றை அச்சுறுத்தவும் மாட்டேன் என்றார்கள் அபூஹுரைரா (ரலி). புகாரியில் உள்ள செய்தி இது.

அரசர்களும் இதனை உணர்ந்த தருணங்கள் உண்டு. 1578இல் பஞ்சாபின் பேரா அருகே மாபெரும் வளைப்பு வேட்டைக்கு ஏற்பாடு செய்திருந்த அக்பர், திடீரென உள்ளம் மாறி விலங்குகளை விட்டுவிடப் பணித்தார். ஜஹாங்கீர் தம் வளர்ப்பு மானுக்கு ஷேக்குபுராவில் நினைவுச் சின்னம் எழுப்பினார். இன்று அது ஹிரன் மினார். அப்பகுதி மான்களை எவரும் வேட்டையாடலாகாது, அவற்றின் இறைச்சி இந்துக்களுக்குப் பசுவும் முஸ்லிம்களுக்குப் பன்றியும் போன்றது எனக் கட்டளையிட்டதாக அவரே எழுதியுள்ளார்.

திருவிதாங்கூரில் கொல்லம் 1068ஆம் ஆண்டின் (1893) வனச் சட்டம் காப்புக்காடுகளை வரையறுத்தது. 1972இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தொடக்கத்தில் உரிமம் பெற்ற வேட்டைக்குச் சிறிது இடம் வைத்திருந்தது. 1991இன் திருத்தம் அதனையும் அகற்றிற்று. குமரிக் காடுகளில் சுமார் 402 சதுரக் கிலோமீட்டர் இன்று வனவிலங்குப் புகலிடம். மானின் இறைச்சியும் தோலும் கொம்பும் விற்பதும் வைத்திருப்பதும் குற்றம். பீரங்கி வார்த்த உதயகிரிக் கோட்டைக்குள்ளேயே வனத்துறை மான்களை வளர்த்தது. பகவதி அம்மன் கோயிலின் பரிவேட்டையில் வேட்டை வெறும் சடங்காக எஞ்சி நிற்கிறது.

இனி, தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு வருவோம். ஆகுமானது என்பது கட்டாயமானது என்று பொருள்படாது. ‘முபாஹ்’ ஆன ஒன்றைப் பொதுநலன் கருதி ஆட்சியாளர் தடுத்தால் அதற்குக் கட்டுப்படுவது மார்க்கத்துக்கு முரண் அன்று. ஃபிக்ஹு அறிஞர் ஏற்ற நெறியே அது. வேட்டை ஆகுமாக்கப்பட்ட காலத்தில் காடு பெரிது, மனிதர் சிலர், கருவி எளிது. இன்று காடு சுருங்கி, மனிதர் பெருகி, கருவி கொடிதாகிவிட்டது. இரவில் விளக்கொளியில் கண் கூசி நிற்கும் மானைச் சுட்டு, இருளில் அவசரமாக உடல் கிழித்து, மறைவாக விற்கப்படும் இறைச்சியில் முன்னோர் வகுத்த நிபந்தனைகளில் எது நிறைவேறியிருக்கும்? கத்தி சென்றபோது உயிர் இருந்ததா? அறுத்தவர் யார்? எவர் சான்று? ஐயத்துக்குரியதை விட்டுவிடுக என்று அதீ பின் ஹாத்திமுக்குச் சொல்லப்பட்ட விடை இங்கே முழுமையாகப் பொருந்துகிறது.

கைத்திறன் அழிந்துவிடவில்லை. ஹஜ்ஜுப் பெருநாளன்று குமரி ஊர்களில் குர்பானி ஆட்டைத் தொங்கவிட்டு, கணுவைச் சுற்றிக் கீறி, முட்டியால் இடித்துத் தோலுரிப்பவரின் கையில் அதே பழைய முறை இயங்குகிறது. கத்தியை விலங்கின் கண்ணுக்கு மறைத்தல், முன்பே தீட்டிவைத்தல், உடல் அடங்கும்வரை காத்தல் ஆகிய ஒழுக்கங்களை அங்கே காக்க வேண்டும். பிள்ளைகளுக்கு இவற்றைச் சொல்லிக் கொடுக்க அதைவிடச் சிறந்த இடம் இல்லை.

அல்மாயிதாவின் 94ஆம் வசனம், கைகளுக்கும் ஈட்டிகளுக்கும் எட்டும் அண்மையில் வேட்டைப் பிராணிகளைக் கொண்டு இறைநம்பிக்கையாளர் சோதிக்கப்படுவர் என்கிறது. ஹுதைபிய்யா ஆண்டில் இஹ்ராமுடன் இருந்த தோழர்களிடையே காட்டு விலங்குகள் வந்து திரிந்தன என்று விரிவுரையாளர் சிலர் விளக்குவர். எட்டும் தொலைவில் நிற்பதைத் தொடாதிருப்பவர் எவர், மறைவிலும் இறைவனை அஞ்சுபவர் எவர் என்று அறிவதே அச்சோதனை. கீரிப்பாறையிலோ கோதையாற்றிலோ காட்டையொட்டிய தோட்டத்தில் மாலைநேரத்தில் மிளா ஒன்று வந்து நின்றால், அதே சோதனை நம் வாசலுக்கு வந்திருக்கிறது என்று கொள்ளலாம். அண்ணலார் பிணை நின்றது ஒரு மானுக்கு. எஞ்சிய மான்களுக்குப் பிணை நிற்கும் பொறுப்பு அவர்தம் உம்மத்தினராகிய நம்முடையது.